தகுதிகாண் காலத்தில் தொழிற்சங்கம், நிரந்தர நியமனம், நடுவில் வரும் இடமாற்றம்: எது எதைத் தடுக்கும்?

வலிகாமம்_விஞ்ஞானம் கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில மாகாணப் பாடசாலையில படிப்பிக்கிற பட்டதாரி ஆசிரியை. மூன்று வருடத் தகுதிகாண் காலம் முடியிற கட்டம். ஆசிரியர் அறையில ஆளுக்கொரு கதை சொல்லுகினம், அதால இங்க கேக்கிறன்.

நிரந்தரமாக்கல் கடிதம் கைக்கு வரமுதல் சங்கத்தில சேர்ந்தால் சேவைக் கோவையில கரும்புள்ளி விழும், பேசாமல் இருங்கோ எண்டு சிலர் சொல்லுகினம். உண்மையோ? நிரந்தரமாக்கினாப் பிறகு அதிபரோ வலயக் கல்வி அலுவலகமோ நினைச்சபடி அசைக்கேலாது எண்டுறது எவ்வளவு தூரம் சரி? கடைசியா, வருடாந்த இடமாற்றப் பட்டியலில பேர் இல்லாமல், வருசத்தின்ர நடுவில "சேவையின் தேவை கருதி" எண்டு தூரத்து வன்னிக்கோ தீவகத்துக்கோ கடிதம் வந்தால், போகாமல் நிண்டு முறையிடலாமோ? "போகாதேங்கோ, சங்கம் பார்க்கும்" எண்டு ஒரு கதை ஓடுது.

அத்தியாயம், சட்ட இலக்கத்தோட சொல்லக்கூடிய ஆக்கள் சொன்னால் நல்லம்.


கோவைக்கட்டு எழுதியது:

ரீச்சர், முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். சங்கத்தில் சேரும் உரிமை இலங்கை அரசியலமைப்பின் 14(1)(ஈ) உறுப்புரையில் உள்ள அடிப்படை உரிமை. தகுதிகாண் காலத்தில் உள்ளவருக்கு அது இல்லை என்று எங்கும் எழுதப்படவில்லை. அரச சேவைக்கான விதித் தொகுப்பாகிய தாபன விதிக்கோவையின் 25ஆம் அத்தியாயம் முழுவதும் அரச ஊழியர் தொழிற்சங்கங்களைப் பற்றியதுதான். நிரந்தரமாக்கல் கோவையில் சங்க அங்கத்துவத்தைக் கேட்கும் படிவமே கிடையாது. கரும்புள்ளி விழுவது வேறு இடங்களில்.

எங்கே விழும் என்று சொல்கிறேன். நிரந்தரமாக்கல் தாமதமாகும் கோவைகளில் பெரும்பாலானவை ஆவணக் குறைபாட்டால் நிற்பவை. முதலில் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, பட்டச் சான்றிதழில் இன்னோர் எழுத்து, தேசிய அடையாள அட்டையில் மூன்றாவது. எங்கள் பக்கத்தில் தகப்பன் பெயரை முன்னுக்குப் போட்டும் பின்னுக்குப் போட்டும் எழுதுவதால் இது சாதாரணம். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து, மூன்று ஆவணங்களையும் இணைத்து, கேட்க முன்னமே கோவையில் போட்டுவிடுங்கள். அடுத்தது சான்றிதழ் உறுதிப்படுத்தல். க.பொ.த. பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களமும் பட்டத்தைப் பல்கலைக்கழகமும் உறுதிப்படுத்த வேண்டும். வலயத்திலிருந்து கடிதம் போயிருக்கும், பதில் வந்திருக்காது, யாரும் நினைவூட்டியிருக்க மாட்டார்கள். எந்தத் திகதியில், எந்த இலக்கக் கடிதம் போனது என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு நீங்களே பின்தொடருங்கள்.

இவற்றோடு மருத்துவ அறிக்கை, கடமையேற்ற கடிதம், அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைச் சத்தியப்பிரமாணம் (6ஆம் திருத்தத்தோடு வந்தது), விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பதிவிலக்கம், ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு (சேவை விதிகள்) உங்கள் தரத்துக்குக் கேட்கும் வினைத்திறன் தடை (தாண்டவேண்டிய தகுதி நிபந்தனை) எல்லாம் வேண்டும். இந்தப் பிரமாணக் குறிப்பு 2014 ஒக்ரோபர் 23ஆம் திகதிய 1885/38ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் இருக்கிறது. ஆசிரியர் அறைக் கதையை நம்பாமல் அதை இறக்கி வாசியுங்கள். உங்கள் நியமனக் கடிதத்தையும் ஒருமுறை வரி வரியாகப் பாருங்கள். தகுதிகாண் காலத்தில் நியமனத்தை முடிவுறுத்துவது பற்றிய நிபந்தனை அதில்தான் இருக்கும்.

சம்பளமற்ற லீவு எடுத்திருந்தால் அந்த நாட்கள் கணக்கில் உதைக்கும். லீவுப் பதிவேட்டையும் சம்பளத் துண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் அதிபர் ஊடாகப் போகும்போது முற்பிரதி ஒன்றை நேரடியாக வலயத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூன்று வருடம் முடிந்த நாளோடு தானாக நிரந்தரமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அதை எடுக்க வேண்டாம். கடிதம் வேண்டும். கடிதம் பிந்தி வந்தால் அதில் உள்ள அமுலாகும் திகதி சரியா என்று பாருங்கள். பின்னால் வரும் தரமுயர்வு எல்லாம் அந்தத் திகதியில் தொங்கும்.


கிளைச்_செயலாளர் எழுதியது:

கோவைக்கட்டு ஐயா சொன்னதோட சங்கப் பக்கத்தையும் சொல்லுறன்.

தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். ஏழு பேர் இருந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். அதாலதான் ஆசிரியர்களுக்கு இத்தனை சங்கம். யாழ்ப்பாணத்தில உங்களைத் தேடி வாறது அநேகமா இலங்கை ஆசிரியர் சங்கம், இலங்கைத் தமிழர் ஆசிரியர் சங்கம், இலங்கை ஆசிரியர் சேவைச் சங்கம் எண்ட மூண்டில ஒண்டாத்தான் இருக்கும். எதில சேருறது எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் படிவத்தில கையெழுத்து வைக்கமுதல் மூண்டு விசயம் கேளுங்கோ. உங்கட வலய, மாகாண இடமாற்றச் சபையில அவைக்கு இருக்கை இருக்கோ? ஒழுக்காற்று விசாரணையில ஆசிரியருக்காக நிண்டு பழகின ஆள் அவையிட்ட யார்? ஆண்டுக் கணக்கு தொழிற்சங்கப் பதிவாளருக்குப் போகுதோ? நாலாவதா ஒண்டும் கேக்கலாம்: ஆளுங்கட்சியோட என்ன தொடர்பு? ஆசிரியர் சேவைச் சங்கத்தின்ர பொதுச் செயலாளரா இருந்த மஹிந்த ஜயசிங்க 2024 தேர்தலுக்குப் பிறகு தொழில் பிரதி அமைச்சரானார். அது உங்களுக்கு நல்லமோ கெட்டமோ எண்டு நீங்கள்தான் தீர்மானிக்க வேணும், ஆனால் தெரிஞ்சுகொண்டு சேருங்கோ.

சந்தாவைச் சம்பளத்தில கழிக்கிற படிவத்தை நிரப்பினால் அதை நிப்பாட்டிறதுக்கும் எழுத்தில குடுக்க வேணும். சங்கம் மாறினவை ரெண்டு சந்தா கட்டிக்கொண்டிருக்கிறது இதாலதான். சம்பளத் துண்டைப் பாருங்கோ.

சங்கம் செய்யக்கூடியதும் செய்யேலாததும் வேற வேற. இடமாற்றச் சபையில குந்தி, "இவவின்ர சேவைக் காலத்தைப் பிழையாக் கணக்கிட்டிருக்கு" எண்டு அந்த இடத்திலேயே சொல்லலாம். அதுதான் எங்கட பெரிய பலம். விசாரணைக்கு முன்னம் ஆசிரியரின்ர பதிலைத் திருத்திக் குடுக்கலாம். பணிப்பாளரோட நேரம் வாங்கிக் கதைக்கலாம். ஆனால் சம்பளத்தைப் பற்றி அரசாங்கத்தோட சட்டப்படி கட்டுப்படுத்திற கூட்டு உடன்படிக்கை ஒண்டு செய்யேலாது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்ர 49ஆம் பிரிவு அரசாங்கத்தை வேலைகொள்வோர் எண்ட கணக்கில அந்தச் சட்டத்துக்கு வெளியில விட்டிருக்கு. தனியார் கம்பனியில வேலை செய்யிறவருக்கு உள்ள தொழில் நியாயசபை எங்களுக்கு இல்லை. அதாலதான் சம்பள முரண்பாட்டுக்கு 2021 ஜூலை 12இல தொடங்கி மாதக்கணக்கில இணையவழிக் கற்பித்தலை விட்டு விலகி நிக்க வேண்டி வந்தது. அப்பிடி நிண்டும் 2022 ஜனவரியில கிடைச்சது கேட்டதில மூண்டில ஒரு பங்கு.


தென்மராட்சி_பெற்றோர் எழுதியது:

சங்கம், பாதுகாப்பு எல்லாம் சரி. அமெரிக்காவில் இதை டென்யூர் என்பார்கள், அங்கே இதைப் பற்றி வழக்கே நடந்தது. படிப்பிக்கத் தெரியாத ஆசிரியரையும் அசைக்க முடியாத நிலைதான் இங்கேயும். பிள்ளைகளின் பக்கம் யார் கதைப்பது?


சட்டக்குறிப்பு எழுதியது:

கேள்வி நியாயமானது, ஒப்பீடுதான் பாதி சரி.

நியூ ஜேர்சி மாநிலம் 1909இல் ஆசிரியர்களுக்கான டென்யூர் சட்டத்தைக் கொண்டுவந்தது. நன்னடத்தையோடு குறித்த காலம் வேலை செய்தவரைக் காரணம் காட்டி விசாரிக்காமல் நீக்கக்கூடாது என்பது அதன் சாரம். 2012இல் அதே மாநிலம் காத்திருப்புக் காலத்தை மூன்று வருடத்திலிருந்து நான்காக்கி, அதை வருடாந்த மதிப்பீட்டோடு கட்டியது. கலிபோர்னியாவில் காலம் இரண்டு வருடந்தான். அது மாணவர்களின் உரிமையைப் பாதிக்கிறது என்று வெர்காரா வழக்கில் 2014இல் கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அங்கே வேலைகொள்வோர் உள்ளூர்ப் பாடசாலை மாவட்டம். ஆசிரியர் அந்த மாவட்டத்துக்குள்தான் பாதுகாக்கப்படுகிறார், அந்த மாவட்டத்துக்குள்தான் மாற்றப்படுவார்.

எங்கள் நிரந்தர நியமனம் சேவைக்கு உரியது. பாடசாலைக்கு உரியதல்ல, வலயத்துக்கும் உரியதல்ல. ரீச்சரின் இரண்டாவது கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. வேலையிலிருந்து அனுப்புவது மிகக் கடினம், இடத்திலிருந்து அனுப்புவது ஒரு கடிதத்தோடு முடியும். இந்த ஓட்டைதான் இங்கே எல்லாப் பிரச்சினைக்கும் வேர். ஒழுங்காக விசாரித்துத் தண்டிக்க வேண்டிய ஆசிரியரையும் விசாரிக்காமல் தூர இடத்துக்கு மாற்றிவிட்டுக் கோவையை மூடுகிறார்கள். பெற்றோர் கேட்ட கேள்வியை நான் இப்படித் திருப்புவேன்: அந்த ஆசிரியர் போய்ச் சேரும் வன்னித் துணுக்காய்ப் பிள்ளையின் பக்கம் யார் கதைப்பது? விசாரணை நடைமுறை இருப்பதால் கெட்ட ஆசிரியர் தப்புவதில்லை. அதை நடத்தச் சோம்பல்படுவதால் தப்புகிறார்.

இந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது என்பதும் யாழ்ப்பாணத்தில் மறந்துபோன சங்கதி. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின் கீழ் கொண்டுவரும் வரை, இங்கே பெரும்பாலான ஆசிரியர்களின் வேலை மிஷன் முகாமையாளர் அல்லது சைவ வித்தியா விருத்திச் சங்கம் போன்றவற்றின் கையில் இருந்தது. சம்பளப் பணம் அரசுடையது, வைப்பதும் எடுப்பதும் முகாமையாளர். அந்தக் காலத்து ஆசிரியர் சங்கங்களின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று காரணமில்லாத நீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு. ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசோடு ஆசிரியர் இயக்கத்திலும் நின்றவர்கள்.


கோவைக்கட்டு எழுதியது:

விசாரணை நடைமுறையைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், அரைகுறையாகத் தெரிந்தால்தான் ஆபத்து.

அதிபருக்கு ஆசிரியரை வேலையிலிருந்து நிறுத்தும் அதிகாரம் இல்லை. அவர் அறிக்கை அனுப்பலாம், லொக் புத்தகத்தில் (பாடசாலைச் சம்பவக் குறிப்பேட்டில்) எழுதலாம். நடத்தை விதிகள் தாபன விதிக்கோவை இரண்டாம் தொகுதியின் 47ஆம் அத்தியாயம், விசாரணை விதிகள் 48ஆம் அத்தியாயம். பாரதூரமான குற்றங்கள் முதலாம் அட்டவணை, மற்றவை இரண்டாம் அட்டவணை. குற்றச்சாட்டுப் பத்திரம் வந்தால் முதலில் எந்த அட்டவணை என்று பாருங்கள். தண்டனையின் உச்ச எல்லை அதில்தான் தங்கியிருக்கிறது. முதலாம் அட்டவணை என்றால் தரமிறக்கம், கட்டாய ஓய்வு, பதவிநீக்கம் வரை போகலாம்.

முதலில் நடப்பது ஆரம்ப விசாரணை. அது உண்மை கண்டறிதல் மட்டும், அங்கே சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. அதனால் "இது சும்மா வாக்குமூலந்தான்" என்று அலட்சியமாகக் கையெழுத்து வைக்கிறார்கள். பிற்பாடு குற்றச்சாட்டுப் பத்திரம் அந்த வாக்குமூலத்தின் மேல்தான் எழுதப்படுகிறது. வாசிக்காமல் ஒப்பமிட வேண்டாம். நீங்கள் சொல்லாததை எழுதியிருந்தால் அந்த வரியை வெட்டித் திருத்தி அருகில் சிற்றொப்பம் வையுங்கள். சிங்களத்தில் எழுதப்பட்டு உங்களுக்குச் சிங்களம் தெரியாவிட்டால் தமிழில் கேளுங்கள், அது உங்கள் மொழி உரிமை.

குற்றச்சாட்டுப் பத்திரத்தோடு சாட்சிப் பட்டியலும் ஆவணப் பட்டியலும் இருக்க வேண்டும். ஆவணங்களைப் பார்வையிட எழுத்தில் அனுமதி கேளுங்கள், பார்த்த பிறகு பதில் எழுதுங்கள். கடிதத்தில் குறித்த நாளுக்குள் முடியாவிட்டால் அந்த நாள் கடக்க முன்பு கால நீடிப்புக் கேட்க வேண்டும். பதிலில் கோபம், அதிபரின் குணநலம், பழைய பகை எதுவும் வேண்டாம். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் இலக்கம் போட்டு மறுப்பு அல்லது விளக்கம், அதற்கான ஆவணம். அவ்வளவுதான். முறையான விசாரணையில் உங்கள் சார்பில் ஒரு பாதுகாப்பு உத்தியோகத்தரை வைத்துக்கொள்ளலாம். 48ஆம் அத்தியாயம் தெரிந்த ஓய்வுபெற்ற ஒருவர், பெயர்பெற்ற பேச்சாளர் ஒருவரைவிட இதில் உதவுவார்.

பணித்தடை, கட்டாய லீவு, தண்டனை மூன்றையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். பணித்தடை என்பது விசாரணை முடியும் வரையான ஏற்பாடு.

சங்கம் எதுவும் காப்பாற்ற முடியாத விடயங்களும் உண்டு. பிள்ளையை அடித்தல் அதில் முதலாவது. உடல் தண்டனையைத் தடுக்கும் 12/2016ஆம் இலக்கச் சுற்றறிக்கை அமைச்சிலிருந்து வந்தது. முறைப்பாடு பொலிசுக்கோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கோ போனால் திணைக்கள விசாரணையும் நீதிமன்ற வழக்கும் தனித்தனியாக ஓடும். ஒன்றில் விடுபட்டால் மற்றது தானாக முடியாது. மாணவரின் படத்தையோ அலுவலகக் கடிதத்தையோ முகநூலில் போடுவதும் 47ஆம் அத்தியாயத்துக்குள் வரும். கோபத்தில் போட்ட ஒரு பதிவு, நல்ல மேன்முறையீடு ஒன்றைக் கெடுத்த கோவைகள் ஏராளம்.


வலிகாமம்_விஞ்ஞானம் எழுதியது:

மிச்சம் நன்றி ஐயா, அண்ணா. பெயர் எழுத்துப் பிழை என்ர கோவையிலயும் இருக்கு, சத்தியக் கடதாசி முடிக்கிறன். இடமாற்றக் கேள்விக்கு மட்டும் இன்னும் நேர விடை வரேல்லை. போகாமல் நிக்கலாமோ, நிக்கேலாதோ?


கிளைச்_செயலாளர் எழுதியது:

நிக்கேலாது தங்கச்சி. சங்கக்காரனே இதைச் சொல்லுறன். "போகாதேங்கோ" எண்டு சொல்லுறவர் உங்கட சம்பளத்துக்குப் பொறுப்பெடுக்கமாட்டார்.

காரணம் இது. பழைய பாடசாலை உங்களை விடுவிச்ச நாளில இருந்து அங்க வரவுப் பதிவேட்டில உங்கட பேர் இல்லை. புதுப் பாடசாலையில கடமையேற்காட்டில் அங்கயும் இல்லை. வலயம் மாறினால் இறுதிச் சம்பளச் சான்றிதழ் போய்ச் சேராமல் புது வலயம் சம்பளம் போடாது. ரெண்டுக்கும் நடுவில நிக்கிறவர் அனுமதியில்லாமல் வராதவர். தாபன விதிக்கோவை முதலாம் தொகுதி 5ஆம் அத்தியாயம் 7ஆம் பிரிவு, பதவியை வறிதாக்கினதாகக் கருதுறது, அதுக்குள்ள வந்திடுவார். ஒழுக்காற்று விசாரணை எண்டால் குற்றச்சாட்டு, சாட்சி, பதில் எண்டு படிப்படியா போகும். இதில அந்தப் படிகள் ஒண்டும் இல்லை, ஒரு பதிவுத் தபாலோட வேலை போகும். நிரந்தர நியமனத்தின்ர பாதுகாப்பு முழுக்க விசாரணைக்குள்ளதான் இருக்கு, அந்த விசாரணையே நடக்காத வழி இது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில நாப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட அரச ஊழியர் வேலை இழந்தது இந்த மாதிரியான "பதவியை விட்டுப் போனவர்" எண்ட கணக்கிலதான்.

செய்ய வேண்டிய ஒழுங்கு: கடிதத்தை வாங்கேக்குள்ள திகதி போட்டு ஒப்பம் வையுங்கோ, உறையை எறியாதேங்கோ. அதில எந்த வகை இடமாற்றம் எண்டு எழுதியிருக்கோ பாருங்கோ. வருடாந்தம், சேவையின் தேவை, ஒழுக்காற்றுக் காரணம், சொந்த வேண்டுகோள் எண்டு வகை இருக்கு. வகை ஒண்டும் எழுதாத கடிதம் எண்டால் அதுவே உங்கட முதலாவது முறையீட்டுக் காரணம். ஆய்வுகூடப் பொருட் பதிவேடு, பாடப்புத்தகம், புள்ளிப் பதிவேடு எல்லாத்தையும் கையளிச்சு ஒப்பம் வாங்குங்கோ. விஞ்ஞான ஆசிரியருக்கு ஆய்வுகூடப் பொருள் குறைஞ்சுபோச்சு எண்டு பிறகு ஒரு கடிதம் வரும். விடுவிப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ப் புது இடத்தில கடமையேற்று, அண்டைக்கே அந்த அதிபர் ஊடாக மேன்முறையீடு போடுங்கோ. முற்பிரதி நேரடியா மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கு.

கடமையேற்கிறது இடமாற்றத்தை ஏற்றுக்கொண்டதாகாது. கடமையேற்ற கடிதத்திலேயே "மேன்முறையீட்டு உரிமைக்குப் பங்கமின்றி" எண்டு ஒரு வரி சேர்த்து எழுதுங்கோ.

மேன்முறையீடு ரெண்டு பக்கத்துக்கு மேல வேண்டாம். முதல் பக்கத்தில ஒரு அட்டவணை: பாடசாலை, வலயம், எப்ப இருந்து எப்ப வரை, வெளிமாவட்டமா, பாடம். ரெண்டாம் பக்கத்தில காரணம். பழைய பாடசாலையில விஞ்ஞானத்துக்கு அனுமதிச்ச ஆளணி (ஆசிரியர் எண்ணிக்கை) எத்தனை, நீங்கள் போனால் எத்தனை பேர் குறையினம், புது இடத்தில உண்மையில வெற்றிடம் இருக்கோ. பிள்ளையின்ர வயது, நோய் எண்டால் ஆவணத்தோட. "இன்னார் வெளிமாவட்டமே போகேல்லை" எண்டு ஆளின்ர பேரைப் போட்டு எழுதாதேங்கோ. அது முறைப்பாடா மாறி உங்கட கேள்வி அமுங்கிப்போகும்.

கடிதம் கண்டதும் மருத்துவச் சான்றிதழ் குடுத்திட்டு வீட்டில இருக்கிற வித்தை பற்றியும் சொல்ல வேணும். வருத்தம் உண்மையெண்டால் குடுங்கோ. இல்லாட்டில் வைத்திய சபைக்கு அனுப்புவினம், முறையீட்டில நீங்கள் சொல்லுற எல்லாத்தையும் அதுக்குப் பிறகு சந்தேகத்தோடதான் வாசிப்பினம்.


சட்டக்குறிப்பு எழுதியது:

செயலாளர் சொன்ன ஒழுங்கு சரி. மேன்முறையீடு தோற்றால் அடுத்து எங்கே போவது என்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள்.

முதலில் நீங்கள் யாருடைய ஊழியர் என்று தெரியவேண்டும். யாழ் இந்து, வேம்படி போன்ற தேசிய பாடசாலை ஆசிரியர் மத்திய கல்வி அமைச்சின் கீழ், பொதுச் சேவை ஆணைக்குழுவின் கல்விச் சேவைக் குழுவின் கீழ். அவருக்கு 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படியான நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை உண்டு. மாகாணப் பாடசாலை ஆசிரியருக்கு அந்த நியாயசபை இல்லை. அவரது நியமனம், இடமாற்றம், நீக்கம், ஒழுக்கக் கட்டுப்பாடு எல்லாம் 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவில் ஆளுநரிடம் உள்ளன. ஆளுநர் அவற்றை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கு ஒப்படைக்கலாம், ஆணைக்குழுவின் கட்டளையை மாற்றவோ இரத்துச் செய்யவோ 33ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே மாகாண ஆசிரியர் கொழும்பு ஆணைக்குழுவுக்கு எழுதிக் காத்திருப்பது வீண். ஏணிப்படி இது: மாகாணக் கல்வித் திணைக்களம், மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளர், மாகாண ஆணைக்குழு, ஆளுநர்.

நீதிமன்றம் என்றால் இரண்டு வாசல். ஒன்று, அரசியலமைப்பின் 154P(4) உறுப்புரையின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரியின் முடிவை இரத்துச் செய்யும் நீதிமன்றக் கட்டளை). மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயத்தில் மாகாணத்துக்குள் அதிகாரம் செலுத்துபவருக்கு எதிராக யாழ்ப்பாணத்திலேயே போடலாம். நாள் எல்லை சட்டத்தில் குறிக்கப்படவில்லை, ஆனால் தாமதத்தை விளக்க முடியாவிட்டால் மனு அதோடு போகும். மற்றது, சமத்துவ உரிமை மீறல் என்று 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம். அதற்கு ஒரு மாதம். மேன்முறையீட்டுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தே அந்த மாதத்தைப் பலர் தொலைத்துவிடுகிறார்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. வெறும் ரசீது போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததற்கான கடிதமும் கையில் இருக்க வேண்டும்.

ஆளணி, வெற்றிடம் பற்றிய தகவலை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். "ஏன் என்னை மாற்றினீர்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது, ஏன் என்பது ஆவணம் அல்ல. "இன்ன வலயத்தில் இன்ன பாடத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி, உள்ள ஆளணி, இந்த இடமாற்றத்தைத் தீர்மானித்த கூட்டத்தின் அறிக்கைப் பிரதி" என்று கேளுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், எண்ணிக்கையும் சேவைக் காலமும் போதும். அப்போது தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடம் குறையும். இடமாற்றச் சபை கூடமுதல் இந்தப் பதில் கையில் இருந்தால் சங்கப் பிரதிநிதிக்குக் கொடுங்கள்.


தீவகம்_கணிதம் எழுதியது:

இதோட ஒட்டி ஒரு கேள்வி. மனுசன் கனடாவில. சம்பளமற்ற வெளிநாட்டு லீவில போய், அங்க இருந்துகொண்டு லீவை நீடிக்கலாம் எண்டு சொல்லுகினம். நிரந்தரமான ஆசிரியருக்குப் பிரச்சினை இல்லைத்தானே?


கோவைக்கட்டு எழுதியது:

பிரச்சினை இருக்கிறது, அதே 5ஆம் அத்தியாயம் 7ஆம் பிரிவு. நீடிப்புக்கு விண்ணப்பித்ததை நீடிப்புக் கிடைத்ததாக எடுக்க முடியாது. அனுமதித்த கடைசி நாளுக்கு மறுநாள் கடமையில் இல்லாவிட்டால் பதவி வறிதாக்கல் கடிதம் நீங்கள் கொடுத்த ஊர் விலாசத்துக்குத்தான் பதிவுத் தபாலில் வரும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அது திரும்பிப் போகும், விளக்கம் சொல்லும் காலமும் அதோடு கழியும்.

ஆகவே புறப்பட முன் அனுமதிக் கடிதத்தில் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி இரண்டும் உள்ளனவா என்று பாருங்கள். கடிதம் கையில் இல்லாமல் "அங்கீகாரம் வரும், போங்கள்" என்ற சொல்லை நம்பி விமானம் ஏற வேண்டாம். கடிதங்களைத் திறந்து வாசித்துச் சொல்லக்கூடிய ஒருவரின் விலாசத்தைத் தொடர்பு விலாசமாக எழுத்தில் கொடுங்கள். நீடிப்பு வேண்டுமென்றால் முடிவுத் திகதிக்குப் பல மாதம் முன்பே அதிபர் ஊடாக விண்ணப்பித்து, பதில் வராவிட்டால் திரும்பி வந்து கடமையேற்றுவிட்டுப் பிறகு கேளுங்கள். திரும்பி வரும் எண்ணமே இல்லையென்றால் முறைப்படி பதவி விலகல் கடிதம் கொடுத்து, அது ஏற்றுக்கொள்ளப்பட்ட கடிதத்தையும் வாங்குங்கள். கடன் மீதி, ஒப்பந்தக் கடப்பாடு இருந்தால் முதலில் கட்டி முடிக்கக் கேட்பார்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை குறைந்தபட்சம் வேண்டும் என்றாலும், இடையில் விலகியவருக்கும் ஓய்வு வயதில் ஓய்வுபெற்றவருக்கும் விதி ஒன்றல்ல. உங்கள் சேவைக் காலத்தையும் பிறந்த திகதியையும் எழுதிக்கொண்டு வலயத்து ஓய்வூதிய விடய உத்தியோகத்தரிடம் போய்க் கேளுங்கள். இந்தத் திரியில் அதற்கு விடை எழுத முடியாது.